பிள்ளை பெத்த வீட்டுக்கு நர்ஸா, ஒத்தாசைக்கு ஆளா?

(முப்பது வருசம் உசிலம்பட்டிப் பக்கம் கிராம நர்ஸா இருந்து ரிட்டயர் ஆன நர்சக்கா, வாசகர் கேள்விகளுக்கு பதில் சொல்றாங்க)

கேள்வி: அக்கா, சிசேரியன் ஆகி இன்னிக்கு 12 நாள். எங்கம்மா தவறிட்டாங்க, அதனால மாமியார் வீட்லதான் இருக்கேன். அத்தைக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாது. வீட்டுக்காரர் லீவு முடிஞ்சு ஓசூருக்கு போயிட்டாரு. அவரு ஏஜென்சில சொல்லி 24 மணி நேர ஹோம் நர்ஸ் போட்டுருவோம்ங்கிறாரு, அத்தை என்னடான்னா தெருவுல பிள்ளைக்கு குளிப்பாட்டி விடுற பாட்டி இருக்கு அது போதும்ங்கிறாங்க. பால் குடுக்கும்போது காம்புல உயிர் போகுது, ராத்திரி பூரா உக்காந்தே இருக்கேன். யாரை வைக்கிறது? — வாசகி, ஆனையூர்

பதில்: தங்கச்சி, ரெண்டு பேர் சொல்றதும் இருக்கட்டும், நீ போற போக்குல எழுதுன அந்த காம்பு வலி இருக்கு பாரு, அதுதான் எனக்கு மொதல்ல கண்ணுல பட்டுச்சு. பிள்ளை காம்பை மட்டும் சப்புனா அப்படித்தான் வலிக்கும், புண்ணாவும் போகும். சுத்தி இருக்க கருப்பு வட்டமும் முக்காவாசி வாய்க்குள்ள போகணும், பிள்ளை வயிறு உன் வயித்தோட ஒட்டி இருக்கணும். தையல் போட்ட வயித்துல பிள்ளைய வச்சு அமுக்காம ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டே குடுக்கலாம், இல்ல பிள்ளைய கக்கத்துல இடுக்கிப் பிடிச்ச மாதிரி வச்சுக் குடுக்கலாம். இத கடுதாசில எழுதி புரிய வைக்கிறது கஷ்டம், பக்கத்துல உக்காந்து ஒருத்தர் கை வச்சு காட்டணும். அதுக்கு 24 மணி நேர ஆள் வேணாம், தாய்ப்பால் கவுன்சிலர்னு இருக்காங்க, பிரசவம் பாத்த ஆஸ்பத்திரிலயே கேளு, ஒரு தடவ ரெண்டு தடவ வந்து காட்டுனா போதும்.

அடுத்தது காசில்லாம வர்றவங்க. ஏரியா சுகாதார நர்ஸ் வீடு தேடி வரணும்னு திட்டமே இருக்கு, ஆஸ்பத்திரி பிரசவம்னா 3, 7, 14, 21, 28, 42-ம் நாள்னு கணக்கு. பிரைவேட்ல பெத்தாலும் நீ இதுல சேத்திதான். ஆனா நீ மாசமா இருக்கப்ப ஓசூர்ல பதிஞ்சிருந்தா ஆனையூர் நர்சம்மாவுக்கு நீ வந்ததே தெரியாது, நான் வேலை பாத்த காலத்துல பாதி வீடு இப்படித்தான் விட்டுப்போகும், பிள்ளைக்கு தடுப்பூசி போட வரும்போதுதான் அட இங்கயா இருக்கன்னு கேப்போம். மாசமா இருக்கப்ப பதிஞ்சதுக்கு குடுத்த உன் பிக்மி நம்பர எடுத்துக்கிட்டு யாரையாவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி சொல்லிரச் சொல்லு. பிள்ளைய எடை போடுவாங்க, தொப்புள் பாப்பாங்க, உன் தையலயும் காட்டலாம். பொறந்த எடைக்கு ரெண்டு வாரத்துல பிள்ளை திரும்பி வந்துரணும், ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்கு போகணும், இது ரெண்டும் சரியா இருந்தா பால் பத்தலன்னு யாரு சொன்னாலும் காதுல வாங்காத.

இப்ப ஏஜென்சி கதைக்கு வருவோம். என் சொந்தக்கார பொண்ணுக்கு ஒரு ஏஜென்சில நர்ஸ்னு சொல்லி ஆள் அனுப்புனாங்க, வெள்ளைக் கோட்டு போட்டு வந்த புள்ளைகிட்ட பேச்சுக் குடுத்தா பத்தாவது முடிச்சிட்டு பத்து நாள் ட்ரெய்னிங் எடுத்ததாம்! அந்தப் புள்ளைய குத்தம் சொல்லல, நர்ஸ் சம்பளத்த வாங்கிக்கிட்டு ஆயாவ அனுப்புனவனத்தான் சொல்றேன். ஜி.என்.எம். இல்லன்னா ஏ.என்.எம்.னு நர்ஸ் படிப்பு படிச்ச சர்டிபிகேட்டும் நர்சிங் கவுன்சில் பதிவும் காட்டச் சொல்லு, காட்ட மாட்டேன்னா நர்ஸ் ரேட்டு குடுக்காத. படிச்ச நர்ஸா இருந்தா பாத்திரம் கழுவ மாட்டாங்க, சோறாக்க மாட்டாங்க, அத மொதல்லயே பேசிக்கணும், ஏன்னா மாமியாருக்கும் நர்ஸுக்கும் சண்டை ஆரம்பிக்கிற எடமே அடுப்படிதான். வர்றவங்ககிட்ட நான் கேக்கச் சொல்ற கேள்வி ஒண்ணே ஒண்ணு: பால் பத்தலன்னா என்ன பண்ணுவீங்க? பவுடர் பால் கரைச்சுக் குடுத்துருவோம்னு பட்டுனு சொன்னா, ரொம்ப சந்தோசம் போயிட்டு வாங்கன்னு அனுப்பிரு.

நான் சொல்றது என்னன்னா, காய்ச்சல் இல்லாம தையல் ஒழுங்கா ஆறிக்கிட்டு இருந்தா உனக்கு இப்ப ராத்திரி பகலா நர்ஸ் தேவையில்ல. ராத்திரி பிள்ளைய தூக்கிக் குடுத்து, பால் குடிச்சதும் வாங்கி ஏப்பம் விட்டு, துணி மாத்திப் போட ஒரு பொம்பள ஆள் வேணும், பகல்ல சமையலுக்கு ஒரு ஆள். நர்ஸுக்கு குடுக்குற காசுல இது ரெண்டும் முடியுமான்னு வீட்டுக்காரர கணக்குப் போடச் சொல்லு.

குளிப்பாட்டுற பாட்டி வரட்டும், நானும் அப்படி ஒரு கெழவி கால்ல கெடந்து வளந்தவதான். ஆனா மூக்குல ஊதுறது, காதுல மூக்குல எண்ணெய் விடுறது, பச்சப்புள்ள மார அமுக்கி பால் எடுக்கிறது, மண்டைய உருட்டி விடுறது, சாம்பிராணி மூட்டம், தொப்புள்ல பவுடர் கொட்டுறது இதெல்லாம் கூடாதுன்னு வாசல்லயே சொல்லிரு. தேன், சக்கரத் தண்ணி, உரை மருந்து எதுவும் நாக்குல தடவக் கூடாது, ஆறு மாசத்துக்கு தாய்ப்பாலும் டாக்டர் எழுதுன சொட்டு மருந்தும் மட்டுந்தான். 

இன்னொண்ணு, காய்ச்சல் அடிச்சாலோ, தையல்ல சீழ் வச்சாலோ, ஒரு மணி நேரத்துல ஒரு பேடு நனையிற அளவு ரத்தம் போனாலோ, தலைவலியோட கண்ணு மங்குனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ வீட்ல நர்ஸ் இருக்காங்கன்னு உக்காந்திருக்காத, 108 கூப்பிடு. பிள்ளை பால் குடிக்காம சுருண்டு படுத்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளா தெரிஞ்சாலும் இதேதான்.

கேள்வி: அக்கா, குழந்தை பிறந்து 25 நாள் ஆச்சு. மனைவி சும்மா சும்மா அழுவுறா, பிள்ளை தூங்குனாலும் அவ தூங்கல, நான் நல்ல அம்மா இல்லங்கிறா. கண்ணு பட்டுருச்சுன்னு மந்திரிச்சாச்சு, பாண்டி கோயிலுக்கும் போயிட்டு வந்தாச்சு. இதுக்கு ஹோம் நர்ஸ் போட்டா சரியாகுமா? — வாசகர், மேலூர்

பதில்: தம்பி, பிள்ளை பொறந்த மூணாம் நாள் வாக்குல அழுகையா வர்றது நெறைய பேருக்கு உள்ளது, ரெண்டு வாரத்துல தன்னால அடங்கிரும். உங்க கணக்கு 25 நாள், அதனால இது டாக்டர் பாக்க வேண்டிய விசயம். கோயிலுக்கு போனது தப்பில்ல, ஆனா அங்க போன கையோட நம்ம மதுரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி பேசணும்னா 14416-னு அரசாங்க மனநல உதவிக்கு இலவச நம்பர் இருக்கு, எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க. பால் குடுக்குற தாய்க்கு ஒத்துக்கிற மருந்து இருக்கு, பால் குடுக்கிறத டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா பால நிப்பாட்டாதீங்க. செத்துரலாம் போல இருக்குன்னோ, பிள்ளைய ஏதாவது பண்ணிருவேன்னோ, யாரும் பேசாதப்ப குரல் கேக்குதுன்னோ சொன்னா ஒரு நிமிசம் தனியா விடாம அன்னிக்கே தூக்கிட்டு ஓடணும். ஆள் போடுங்க, வேணாங்கல, அவ ராத்திரி அஞ்சு மணி நேரம் சேந்தாப்புல தூங்குறதுக்காக போடுங்க. நீங்களும் ராத்திரில ஒரு முறை எந்திரிக்கலாம் தம்பி, துணி மாத்த படிப்பு தேவையில்ல.

கேள்வி: மருமக நர்ஸ் வச்சே ஆகணும்ங்கிறா. நாங்கல்லாம் அஞ்சு பெத்தோம், எங்களுக்கு எந்த நர்ஸ் வந்தா? — ஒரு மாமியார், உசிலம்பட்டி

பதில்: மதினி, உங்க மொத பிரசவத்துல வீட்ல எத்தன பொம்பளைங்க இருந்தாங்கன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க. அம்மா, அம்மாச்சி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, எப்படியும் அஞ்சாறு பேர் தேறும். இப்ப உங்க வீட்ல நீங்க ஒரு ஆளு, உங்களுக்கும் சுகர் இருக்குன்னு கடுதாசில நீங்களே எழுதிருக்கீங்க. அவ கேக்குறத ஒரு மாசத்துக்கு செய்ங்க. பூண்டுக் கொழம்பு, கருவாடு எல்லாம் நீங்க வைக்கிற பக்குவத்துலயே வைங்க. வயிறு பெருத்துரும்னு தண்ணிய மட்டும் அளந்து குடுக்காதீங்க, பால் குடுக்குறவளுக்கு தாகம் எடுக்கும், கேக்குறப்பல்லாம் ஒரு செம்பு குடுங்க.