ஓரிரவு ஒளிப்பட முகாம்: மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில்

கேள்வி: பொகவந்தலாவைக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் ஒளிப்படக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். தரம் 9 முதல் 12 வரையில் 25 மாணவர்கள். அவர்களுள் 14 பேர் பெண் பிள்ளைகள். பாடசாலையின் கெமரா இரண்டு, பழைய மாணவர் ஒருவர் இரவலாகத் தரும் கெமரா மூன்று, மற்றபடி கைத்தொலைபேசிகள்தாம். எட்டுப் பேரிடம் அதுவும் இல்லை. பெப்ரவரியில் போயா தினத்தை ஒட்டி வரும் விடுமுறையில் ஹோட்டன் சமவெளியில் ஓரிரவு முகாம் நடத்த எண்ணியுள்ளோம். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: உங்கள் திட்டத்தில் மாதம் சரி, நாளும் இடமும் சரியில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒளிப்படம் கற்பிப்பதற்குப் பிள்ளைகளை வீட்டைவிட்டு ஓர் இரவு வெளியே தங்கவைக்க வேண்டுமென்றால், பாடசாலை நேரத்தில் கிடைக்காத ஒன்று அந்த இரவில் கிடைத்தாக வேண்டும். அது மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணி வரையான ஒளியும் இருளுமே. ஷட்டர் வேகம் (கெமராவுக்குள் ஒளி விழும் நேரம்) என்றால் என்ன, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு) என்றால் என்ன என்பவற்றை உங்கள் வகுப்பறையிலேயே முகாமுக்கு முந்திய மூன்று கழகக் கூட்டங்களில் சொல்லி முடித்துவிடுங்கள். நான் நடத்திய முதல் முகாமில் நான்கு விரிவுரைகள் வைத்தேன். கடைசி விரிவுரை நடந்துகொண்டிருந்தபோது வெளியே மேற்கு வானம் செம்பருத்தி நிறத்தில் எரிந்து அணைந்தது. உள்ளே நாங்கள் திரையில் யாரோ எடுத்த சூரிய அஸ்தமனப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் நாளை எடுத்துக்கொள்வோம். விடுமுறை கிடைக்கிறது என்பதற்காகப் போயாவை ஒட்டி முகாம் வைப்பது நம் பாடசாலைகளின் வழக்கம். ஆனால் போயா என்பது முழுநிலா நாள் என்பதை ஒளிப்படக் கழகமாவது மறக்கக்கூடாது. முழுநிலவு வானத்தில் இருக்கும்போது மங்கலான விண்மீன்கள் தெரியா. ஆகவே பெப்ரவரி பிற்பகுதியில் அமாவாசைக்கு மிக அண்மையில் வரும் வெள்ளிக்கிழமையைத் தெரிவுசெய்யுங்கள். வெள்ளி பிற்பகல் சென்று சனி பிற்பகல் திரும்பினால் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஓய்வு கிடைக்கும். உங்கள் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கொட்டுவதால், ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையே வானம் ஓரளவு நம்பத்தக்கதாக இருக்கும். ஏதோ காரணத்தால் போயா நாள்தான் கிடைக்கும் என்றால் முகாமைக் கைவிட வேண்டாம், பாடத்தை மாற்றுங்கள். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே கிழக்கில் எழும். அந்த வேளையில் மலைமுகட்டையும் நிலவையும் ஒரே படத்தில் பிடிக்கலாம். பிறகு நிலவொளியில் தேயிலைச் சரிவுகளை எப் 4 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 800, 10 விநாடி என்ற அளவில் தொடங்கிப் பழகலாம்.

அடுத்து இடம். ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கே உறைபனி விழுவதுண்டு. அது தேசிய பூங்கா என்பதால் இரவு தங்குவதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். மெல்லிய ஸ்வெட்டரோடு வரும் 25 பிள்ளைகளைக் கூடாரத்தில் உறங்கவைக்கும் இடமல்ல அது. ஒரு நாள் விடியற்காலைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் காசல்ரீ நீர்த்தேக்கம் இருக்கிறது: நீர்ப்பரப்பு, அதன்மேல் காலைப் பனிமூட்டம், சுற்றிலும் தேயிலை மலைகள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் விளக்குகள். அதைப் பார்த்தவாறு மேட்டில் அமைந்த ஒரு பாடசாலை மண்டபத்தை ஓர் இரவுக்குக் கேட்டுப் பெறுவதே என் ஆலோசனை. கூரை, மின்சாரம், மலசலகூடம், பூட்டக்கூடிய இரண்டு அறைகள், சமையற்கட்டு ஆகியவை இருந்தால் போதும். சிவனொளிபாதமலைப் பருவம் அப்போது நடந்துகொண்டிருப்பதால், வார இறுதியில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வீதிகளில் யாத்திரிகர்களின் வாகன நெரிசல் இருக்கும். இருட்டுவதற்கு நன்கு முன்பாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

முகாமுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னர் நீங்களும் இன்னொருவரும் அதே இடத்துக்குப் போய், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரையும் மறுநாள் விடியலிலும் நின்று பாருங்கள். இதற்கு ஈடான தயாரிப்பு வேறில்லை. நாட்காட்டியில் சூரியோதயம் 6.20 என்று இருக்கும். ஆனால் கிழக்கே மலை நின்றால் பள்ளத்தாக்குக்கு வெயில் வந்துசேர ஏழு மணியைத் தாண்டிவிடும். முதலில் எதிர்மலையின் உச்சியில் மஞ்சள் கோடு விழும். பிறகு அது தேயிலை நிரைகளின் வழியே சரிந்து இறங்கி, லயத்துத் தகரங்களைத் தொட்டு, கடைசியாகத் தண்ணீருக்கு வரும். அது எந்த நேரத்தில் எந்த இடத்துக்கு வருகிறது என்பதை எழுதிக்கொண்டு வந்தால் உங்கள் காலை அட்டவணை தானாகவே அமைந்துவிடும். மாலையில் இதற்கு நேர்மாறான அவசரம் உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஏழு பாகை வடக்கே இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்த பின் நல்ல நீல ஒளி இருபது நிமிடமளவே நிற்கும். அந்த இருபது நிமிடத்தில் யாரும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நிற்கக்கூடாது.

ஆகவே அட்டவணையை இப்படி வையுங்கள். வெள்ளி மூன்றரைக்கு வந்துசேர்தல், படுக்கை இடங்களைப் பிரித்தல், சிற்றுண்டி, ஐந்து முதல் ஏழு வரை வெளியே மாலை ஒளியும் நீல நேரமும், ஏழேகாலுக்கு இரவுச்சாப்பாடு, எட்டு முதல் ஒன்பது வரை விண்மீன்கள், ஒன்பதரைக்குப் படுக்கை. அதிகாலை நான்கேகாலுக்கு எழுந்து, நான்கரை முதல் எட்டு வரை மீண்டும் வெளியே. காலை உணவுக்குப் பின் ஒரு மணி நேர உறக்கம் கட்டாயம். பிறகு படத்தெரிவு, கலந்துரையாடல், மதியச் சாப்பாடு, வீடு. உறக்கம் குறைவுதான். அதனால்தான் முகாமை ஓரிரவோடு நிறுத்தச் சொல்கிறேன்.

கெமராப் பகிர்வு நீங்கள் அஞ்சுமளவுக்குச் சிக்கலானதல்ல. ஐந்து கெமரா, ஐந்து குழு, குழுவுக்கு ஐந்து பேர். ஒருவர் படம் எடுப்பவர். ஒருவர் முக்காலியையும் டோர்ச்சையும் கவனிப்பவர். ஒருவர் ஒவ்வொரு படத்தின் அளவுகளையும் கொப்பியில் எழுதுபவர். ஒருவர் நேரம் பார்ப்பவர். ஐந்தாமவர் கெமராவைத் தொடாமல் சுற்றிலும் பார்த்து அடுத்த படத்தைச் சொல்பவர். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறினால் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் எல்லா இடத்துக்கும் வந்துவிடுவார்கள். கைத்தொலைபேசி இல்லாத எட்டுப் பேரையும் ஐந்து குழுக்களுக்கும் பகிர்ந்து, முதற் சுற்றிலேயே கெமராவை அவர்கள் கையில் கொடுங்கள். எழுதுபவரின் வேலையைத் தண்டனையாகப் பிள்ளைகள் நினைப்பார்கள், ஆனால் மறுநாள் அந்தக் கொப்பியை வைத்துத்தான் ஒரு படம் ஏன் சரியாக வந்தது என்று பேச முடியும். முக்காலி இல்லாத குழுவுக்கு இரண்டு கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுங்கள்; மதகின் மேலோ கல்லின் மேலோ அதை வைத்து, அதில் கெமராவை அழுத்தி, இரண்டு விநாடி டைமரைப் போட்டால் படம் ஆடாது.

இரவு வானத்துக்குச் சாதாரண 18 மி.மீ. லென்ஸே போதும். எப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி என்று தொடங்கலாம். ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி, தொலைவில் உள்ள ஒரு விளக்கைத் திரையில் பெரிதாக்கிக் கூர்மைப்படுத்தி, வளையத்தைச் செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். இதைச் செய்யாத குழுவின் படங்கள் அத்தனையும் வீண். 500 ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் (மேலே சொன்ன 18 மி.மீ. போன்ற எண்) வகுத்து, சிறிய சென்சர் (ஒளியைப் பதியும் பகுதி) உள்ள கெமராவானால் மீண்டும் ஒன்றரையால் வகுத்தால், விண்மீன்கள் கோடாக இழுபடாமல் எத்தனை விநாடி எடுக்கலாம் என்பது தெரியும், 18 மி.மீ. லென்ஸுக்கு அது ஏறத்தாழ 18 விநாடி. இது தோராயமான மேல் எல்லைதான். நம் நாட்டில் வான நடுக்கோடு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கற்பனைக் கோடு) ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே போகிறது. அதன் அருகில் உள்ள விண்மீன்களே படத்தில் மிக வேகமாக நகரும். பெப்ரவரி இரவு எட்டு மணிக்குத் தலைக்கு மேலிருக்கும் திருவாதிரையையும் அதனருகில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களையும் 10 விநாடியில் எடுக்கவேண்டியிருப்பதும், அதிகாலையில் தெற்கே தாழ்வாகத் தெரியும் தென்சிலுவைக்கு 20 விநாடி கொடுக்க முடிவதும் அதனால்தான். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளே படமெடுத்துக் கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். மாலையில் தெற்கே அகத்திய விண்மீனையும், அதிகாலை நான்கரைக்குத் தென்கிழக்கில் பால்வெளியின் அடர்ந்த மையப்பகுதியையும் தேடச் சொல்லுங்கள். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும். டோர்ச்சுகளின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். கைத்தொலைபேசியை ஒருவர் ஒருமுறை திறந்தால் முழுக் குழுவும் மீண்டும் குருடாகும்.

விடிந்ததும் வரும் சிக்கல் வேறு. பனிமூட்டத்தைக் கெமரா சாம்பல் நிறமாக்கிவிடும், ஏனெனில் வெண்மையான எதையும் அது அளவுக்கு மீறிய வெளிச்சம் என்று கணித்துக் குறைத்துவிடுகிறது. கெமராவின் வெளிச்சத் திருத்தத்தைக் கூட்டல் ஒன்றில் (+1) வையுங்கள். கைத்தொலைபேசியில் திரையைத் தொட்டு, வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் அதே பலன். இன்னொன்று நான் நட்டப்பட்டுக் கற்றது. ஒரு முகாமில் அதிகாலைக் குளிரில் இரண்டு மணி நேரம் வெளியே நின்ற இரண்டு கெமராக்களைப் பிள்ளைகள் தேத்தண்ணீர் குடிப்பதற்காக விறகடுப்பு எரியும் குசினிக்குள் கொண்டுபோனார்கள். ஒரு நிமிடத்தில் லென்ஸ் முழுவதும் நீராவி படிந்தது. ஒருவன் லேஞ்சியால் துடைத்தான், மீண்டும் படிந்தது. வெளியே தண்ணீரின் மேல் வெயில் விழுந்து போய்விட்டது. குளிரிலிருந்து உள்ளே வரும் கெமராவை வெளியிலேயே பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, உள்ளே கொண்டுவந்தபின் அரை மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். பற்றரிகள் குளிரில் சீக்கிரம் இறங்கும். மேலதிகப் பற்றரியை உட்சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலையில் கொழுந்து மலைக்குப் பெண்கள் ஏறுவார்கள். சுற்றுலாப் பயணிகள் அவர்களை நிறுத்திச் சிரிக்கவைத்துப் படமெடுப்பதை உங்கள் மாணவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெண்கள் பலருடைய அம்மாக்கள் என்பதால் நான் கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும், பறிக்கும் கையை நிறுத்தச் சொல்வது அன்றைய நிறுவையில் குறையும் கொழுந்து என்பதை நினைவூட்டுங்கள். முன்கூட்டியே தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுவதோடு, அந்த மலையின் கங்காணியிடமும் சொல்லிவிட்டு, பெயர் கேட்டு, சம்மதம் பெற்று, எடுத்த படத்தில் ஒன்றைப் பிரதியெடுத்துத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதை முகாமின் விதியாகவே வையுங்கள். முகத்தை விட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கையும், தலையில் தொங்கும் கூடைக் கயிற்றையும், கொழுந்துச்சாறு கறுத்த விரல்களையும் எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் திகைப்பார்கள். வீட்டில் தினமும் காண்பதைப் படமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. அதிபரின் பரிந்துரையோடு வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியையும், ஒவ்வொரு பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் ஒரு மாதத்துக்கு முன்பே கோருங்கள். குறைந்தது ஐந்து வளர்ந்தோர், குழுவுக்கு ஒருவர்; அவர்களுள் மூவர் பெண்கள், இருவர் பெண் பிள்ளைகளின் அறையிலேயே உறங்க வேண்டும். படுக்கை அறைகளிலும் குளிக்கும் இடங்களிலும் படமெடுப்பது முற்றாகத் தடை. ஒன்பதரைக்கு எல்லாக் கைத்தொலைபேசிகளும் ஒரு பெட்டிக்குள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி யாரும் முகநூலில் இடக்கூடாது. இருளிலும் விடியலிலும் தேயிலைக்குள் எவரும் தனியே போகக்கூடாது. உங்கள் பகுதியில் சிறுத்தைகள் நடமாடுவது பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. பகலில் சிறுத்தையை விடக் குளவியே ஆபத்து: படமெடுக்கும் இடத்தின் மரங்களிலும் பாறைகளிலும் கூடு உண்டா என்று தோட்டத்து ஆட்களிடம் கேட்டு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயரைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். நீர்த்தேக்கக் கரை வற்றிய காலத்தில் உறுதியான மண்போலத் தோன்றினாலும் கால் புதையும். கரையிலிருந்து பத்து மீற்றருக்கு இப்பால் ஒரு கயிறு கட்டி, அதைத் தாண்டாமல் எடுக்கச் சொல்லுங்கள். மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உங்கள் பிரதேசத்துக்கு எச்சரிக்கை இருந்தால் முகாமை ஒத்திவையுங்கள். 2014 ஒக்டோபரில் மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை இழந்த மலையகத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. இலவச அம்பியூலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள், அந்த இடத்தில் எந்தத் தொலைபேசி வலையமைப்பு எடுக்கிறது என்பதையும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

படத்தெரிவில் ஒவ்வொருவருக்கும் மூன்று படம், அதற்கு மேல் இல்லை. அதில் ஒன்று பிழைத்துப்போன படமாக இருக்கட்டும். அது ஏன் பிழைத்தது என்பதைக் கொப்பியைப் பார்த்து எடுத்தவரே சொல்ல வேண்டும். மெமரி கார்டில் எதையும் அழிக்கவிடாமல் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதியெடுத்த பின்னரே இரவல் கெமராக்களைத் திருப்பிக் கொடுங்கள்.

பாசறைத் தீ பற்றி நீங்கள் கேட்கவில்லை, பிள்ளைகள் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். அது இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்கும், உறக்கத்தைப் பதினொரு மணிக்குத் தள்ளும், பெப்ரவரி வரட்சியில் காய்ந்த மானாப்புல்லுக்கு ஒரு பொறி போதும். பாட்டுப் பாட வேண்டுமென்றால் சாப்பாட்டுக்குப் பின் குசினி அடுப்பைச் சுற்றி நின்று இஞ்சித் தேத்தண்ணீரோடு பாடட்டும். கெமராக்கள் மட்டும் வெளியே, பொலித்தீன் பைக்குள்.