ஆர்எஃப் பவர் ஆம்ப்: டியூனிங், பயாஸ், பராமரிப்பு – கேள்வி பதில்

ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலியில்) அனுப்பும் சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் ரிக் (ரேடியோ செட்) 100 வாட். 400 வாட் லீனியர் ஆம்ப் வாங்கினால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

பதில்: 6 டெசிபல். கேட்பவருடைய எஸ் மீட்டரில் (சிக்னல் பலம் காட்டும் மீட்டர்) ஒரு புள்ளி, அவ்வளவுதான். இரைச்சலில் பாதி மூழ்கிய சிக்னலைத் தூக்கிவிட அது போதும், அதனால் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆன்டெனா சுமார் என்றால் முதலில் அதில் கை வையுங்கள். ஆம்ப் நீங்கள் அனுப்புவதை மட்டும்தான் பெரிதாக்கும், நல்ல ஆன்டெனா கேட்பதற்கும் உதவும்.

கேள்வி: வால்வு ஆம்ப் வந்திருக்கிறது. டியூன், லோடு என்று இரண்டு குமிழ்கள், எதை முதலில் திருப்புவது?

பதில்: குமிழுக்கு முன்னால், ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு முழு வாட்டையும் தாங்கும் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கி வெப்பமாக்கும் ரெசிஸ்டர்) மாட்டுங்கள். ரிக்கை 10, 20 வாட்டில் வைத்து, கேரியர் (பேச்சில்லாத வெறும் சிக்னல்) கொடுத்துக்கொண்டே டியூன் குமிழை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் பிளேட் கரண்ட் முள் சட்டென்று கீழே இறங்கி, தாண்டியதும் மறுபடி ஏறும். அந்த டிப்பில் நிறுத்துங்கள். அப்புறம் லோடைக் கொஞ்சம் நகர்த்தி அவுட்புட்டை ஏற்றி, திரும்ப டிப் பாருங்கள். இப்படி மாறி மாறி, டிரைவையும் (ரிக்கிலிருந்து ஆம்புக்குள் போகும் பவர்) படிப்படியாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கண் கிரிட் கரண்ட் மீட்டரிலேயே இருக்கட்டும். அது எகிறினால் லோடிங் போதவில்லை அல்லது டிரைவ் அதிகம் என்று அர்த்தம், உடனே கேரியரை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் சில நொடிகளுக்கு மேல் கேரியர் வேண்டாம், ஏனென்றால் டிப்புக்கு வெளியே இருக்கும்போது உள்ளே போகிற பவரில் பெரும்பகுதி வால்வைச் சூடாக்கத்தான் போகிறது. ஒவ்வொரு பேண்டுக்கும் குமிழ் நின்ற இடத்தை எழுதி ஒட்டிவைத்தால் அடுத்த முறை பாதி வேலை மிச்சம்.

கேள்வி: ஐஆர்எஃப் 510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் இரண்டு போட்டு நானே செய்த ஆம்ப். ஒன்று கொதிக்கிறது, மற்றது சில்லென்று இருக்கிறது.

பதில்: பயாஸ் (டிரைவ் இல்லாதபோதும் ஓடும் கரண்டைத் தீர்மானிக்கும் கேட் வோல்டேஜ்) சமமாக இல்லை. அதை மாற்றும் இரண்டு பிரீசெட்களையும் கேட் வோல்டேஜ் பூஜ்யமாகும் பக்கம் திருப்பி, டிரைவ் இல்லாமல், சப்ளை வயரில் அம்மீட்டர் போட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். தலைக்கு 50 முதல் 100 மில்லியாம்பியர் வரை வைக்கலாம். வைத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்: மாஸ்ஃபெட் சூடாகச் சூடாக அதே கேட் வோல்டேஜில் கரண்ட் ஏறிக்கொண்டே போகும். அதைப் பிடித்து நிறுத்த, பயாஸ் சர்க்யூட்டில் இருக்கும் டையோடை ஹீட் சிங்கோடு ஒட்டி வைக்க வேண்டும். அதோடு இந்த டிரான்சிஸ்டரின் உலோகத் தகடு டிரெயினோடு சேர்ந்தது. நடுவில் இன்சுலேட்டராக வைத்த மைக்கா சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று, சப்ளை கொடுக்கும் முன் தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், தொடர்பு இருக்கக் கூடாது.

கேள்வி: ரிக்கில் பவரைக் குறைத்துத்தான் வைத்தேன், ஆனாலும் ஆம்பில் இருந்த எல்டிமாஸ் டிரான்சிஸ்டர் போய்விட்டது.

பதில்: சில ரிக்குகள் பேச ஆரம்பிக்கும் கணத்தில், குமிழ் எங்கே இருந்தாலும் முழுப் பவரை ஒரு துடிப்பாகத் தள்ளும். சாதாரண வாட் மீட்டரில் அது தெரியவே தெரியாது, கேட் தாங்காது. இன்புட்டில் பவரைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டு, ரிக் முழுப் பவர் கொடுத்தாலும் ஆம்ப் தாங்கும்படி செய்துவிடுங்கள். ஆம்ப் செத்துப்போனதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பதே முன்னால் என்ன மாட்டியிருந்தது, பின்னால் என்ன மாட்டியிருந்தது என்பதைத்தான்.

கேள்வி: எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 2 பரவாயில்லையா?

பதில்: அனுப்பும் பவரில் 11 சதவீதம் திரும்பி வருகிறது. வால்வு ஆம்ப் பெரும்பாலும் சமாளித்துவிடும், டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் பவரைக் குறையுங்கள். 3 என்றால் 25 சதவீதம், ஆன்டெனாவைச் சரிசெய்யாமல் ஆம்பைப் போடவே வேண்டாம்.

கேள்வி: என் ஆம்ப் புஷ்-புல்தானே (இரண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறி வேலை செய்வது), ஃபில்டர் எதற்கு?

பதில்: புஷ்-புல் இரட்டை ஹார்மோனிக்குகளைத்தான் (அதிர்வெண்ணின் 2, 4 மடங்கில் வரும் வேண்டாத சிக்னல்கள்) அடக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 21-இல் மூன்றாவது பலமாகவே நிற்கும். பேண்டுக்கு ஏற்ற லோ பாஸ் ஃபில்டர் கட்டாயம்.

கேள்வி: பல வருடமாக மூடிக்கிடந்த வால்வு ஆம்பை எப்படி உயிர்ப்பிப்பது?

பதில்: நேராக ஸ்விட்சைப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு உள்ளே தூசு, எலி கடித்த வயர், உப்பிய கெப்பாசிட்டர், கறுத்துப்போன ரெசிஸ்டர் எல்லாம் பாருங்கள். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு வேரியாக் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாகச் சில மணி நேரம் எடுத்து மெதுவாக வோல்டேஜை ஏற்ற வேண்டும். வால்வுக்கு ஹை வோல்டேஜ் இல்லாமல் ஃபிலமென்டை மட்டும் சில மணி நேரம் எரியவிடுவது நல்லது. இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஆனோடில் 2000, 3000 வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கும். அதை வடியவிடும் பிளீடர் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் வெகுநேரம் அப்படியே நிற்கும். பிளீடரை நம்பிக் கை வைக்காதீர்கள். அந்த வோல்டேஜைத் தாங்கும் மீட்டரில் பாருங்கள், இன்சுலேட்டட் கம்பில் ரெசிஸ்டர் கட்டி டிஸ்சார்ஜ் செய்யுங்கள், அப்புறம் கம்பியால் நேராக ஷார்ட் செய்து அந்தக் கம்பியை வேலை முடியும்வரை அங்கேயே விட்டுவையுங்கள்.

கேள்வி: எவ்வளவு நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

பதில்: தூசு அதிகமான அறை என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை புளோவரின் இறக்கையையும் காற்று போகும் வழியையும் தூசு தட்டுங்கள். பேசி முடித்ததும் வால்வு ஆம்பை உடனே அணைக்காமல் ஃபேன் சில நிமிடம் ஓடட்டும். கோஆக்ஸ் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் சால்டரிங் சரியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.