தேத்தண்ணீர் குடித்தாலே அப்பாவுக்குப் புரையேறுகிறது

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. போன மாதம் பாரிசவாதம் வந்து இடக்கை, கால் இழுத்துவிட்டது. பேச்சு பரவாயில்லை. புட்டு மெதுவாக இறங்குகிறது, தேத்தண்ணீர் குடித்தால்தான் இருமல். அம்மா தலையை அண்ணாத்திப் பிடித்துக் கரண்டியால் பருக்குகிறார். தானாகச் சரியாகுமா?
- ஒரு மகள், உப்புவெளி, திருகோணமலை

பதில்: மகள், அண்ணாத்திப் பருக்குவதை அம்மா இன்றைக்கே நிறுத்தட்டும். பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்கும் தசைகள் கொஞ்சம் பிந்தித்தான் வேலை செய்யும், தேத்தண்ணீர் அதற்குக் காத்திருக்காது, தலையும் அண்ணாந்திருந்தால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே ஓடிவிடும்.

பலருக்குச் சில வாரங்களில் தேறும், உண்மைதான். ஆனால் ஒரு மாதமாகியும் புரையேறுகிறது என்றால் பார்த்தே ஆக வேண்டும். இருமுவதாவது நமக்குத் தெரிகிறது. நான் பார்த்த ஓர் ஐயா ஒருதரம்கூட இருமவில்லை, எக்ஸ்ரே வீடியோவில் பார்த்தால் மிடறுக்கு மிடறு கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. குடித்தபின் குரல் களகளவென்று நனைந்தாற்போல் மாறுகிறதா என்று கவனியுங்கள். காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அது நியூமோனியாவாக இருக்கலாம்.

கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போய், பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நன்றாகப் பேசுகிறவருக்கு அது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். விழுங்குவதைப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான். நாக்கு, உதட்டின் பலத்தைப் பார்த்து, ஒரு கரண்டி தண்ணீர் தந்து, தொண்டையில் விரல் வைத்துக் குரல்வளை மேலே எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்குவழியாகச் சின்னக் கமரா விட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பயிற்சி, தேத்தண்ணீரை எவ்வளவு தடிப்பாக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான். நாடியைத் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு நல்ல பலன் தரும், எல்லாருக்கும் அல்ல, அதனால் நீங்களாகப் பழக்க வேண்டாம். பயந்துபோய்த் தண்ணீரையே நிறுத்திவிடவும் வேண்டாம், உடம்பு வற்றிவிடும்.

சரி, அதுவரை? கதிரையில் நேராக இருத்தி, ரீவியை நிறுத்திவிட்டுக் கொடுங்கள், சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள். புட்டு வாய்க்குள் உதிரும், வேண்டாம். சொதியில் ஊறிய இடியப்பமும் லேசுப்பட்டதல்ல, நீரும் கட்டியும் ஒன்றாக வரும். குழைந்த சோற்றைப் பருப்போடு மசித்துத் தேக்கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய்.

சாப்பிட்டதும் இடக்கொடுப்புக்குள் பாருங்கள், அப்பாவுக்கே தெரியாமல் சோறு ஒட்டிக்கொண்டிருக்கும். துடைத்துவிட்டு, காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள், வாய்க் கிருமிகள்தான் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகின்றன.