லெசோத்தோ: எஞ்சிய நிலம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்க வரைபடத்துக்குள் லெசோத்தோ என்றொரு தனி நாடு இருப்பதை அண்மையில்தான் கவனித்தேன். நாற்புறமும் ஒரே நாடு சூழ்ந்திருக்க, இது எப்படித் தனித்து நின்றது? வெள்ளை அரசு கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிக் கொடுத்த ‘தாயகங்களில்’ ஒன்றா?

க.

அன்புள்ள க.,

இல்லை. டிரான்ஸ்கை போன்ற தாயகங்களின் ‘விடுதலை’யைத் தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே யாரும் ஏற்கவில்லை. லெசோத்தோ 1966 அக்டோபர் 4 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று, அதே மாதம் ஐ.நா.வில் சேர்ந்தது. பசோத்தோ மக்களின் பரந்த நிலத்தில் பிறர் பறித்துக்கொண்டது போக எஞ்சிய பகுதியே இன்றைய லெசோத்தோ.

போரும் பஞ்சமும் அப்பகுதியைச் சிதறடித்துக்கொண்டிருந்த 1824இல், பசோத்தோ தலைவர் மொஷ்வெஷ்வே தன் மக்களுடன் தாபா போசியு என்ற மலைமேல் குடியேறினார். உச்சி தட்டை, பக்கங்கள் செங்குத்து. ‘இரவின் மலை’ என்று பொருள். இருட்டியதும் அது வளர்ந்துவிடும் என்பது கதை. அடைக்கலம் தேடி வந்த குடிகளுக்கு மாடும் நிலமும் கொடுத்து அவர் சேர்த்துக்கொண்டார். தன் பாட்டனார் பீட்டேயைக் கொன்று தின்றவர்களைக்கூட, அவர்கள் வயிறே என் பாட்டனின் சமாதி, அதைக் கலைக்கலாகாது என்று சொல்லி மன்னித்தாராம். இதில் கருணை எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். எனக்கு அரசியலே சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது.

1858இலும் 1865 முதல் 1868 வரையிலும் அண்டையிலிருந்த ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டின் போயர்கள் (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) தொடுத்த போர்களில் அந்த மலை வீழவில்லை; ஆனால் கீழே வயல்கள் எரிந்தன, மாடுகள் பறிபோயின. வேறு வழியின்றி மொஷ்வெஷ்வே பிரிட்டனின் பாதுகாப்பை வேண்டினார். 1868 மார்ச் 12 அன்று அது கிடைத்தது. மறு ஆண்டு எல்லை வரையப்பட்டபோது, காலெடன் நதிக்கு மேற்கிலிருந்த வளமான சோள நிலம் போயர்களிடமே தங்கிவிட்டது. 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோதும் பசுட்டோலாந்து, அன்றைய பெயர் அதுதான், பிரிட்டனின் கீழேயே இருந்ததால் பிற்காலத்தில் தனி நாடாக முடிந்தது.

எஞ்சியது பெரும்பாலும் மலை. நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டர். உச்சியான தபானா நட்லென்யானா 3,482 மீட்டர். குளிருக்குக் கம்பளியைத் தோளில் போர்த்தி ஊக்கால் மாட்டிக்கொள்வார்கள். அதில் நெய்யப்படும் புகழ்பெற்ற வடிவங்களில் ஒன்று சோளக்கதிர். விளைநிலம் குறுகியதால் பல தலைமுறை ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிக்குப் போனார்கள்.

இன்று அந்த மலைகள் தண்ணீரை விற்கின்றன. 1986இல் போட்ட ஒப்பந்தத்தின்படி, 185 மீட்டர் உயரமுள்ள கட்ஸே அணையில் தேங்கும் நீர், சுரங்கப் பாதைகள் வழியாகக் காலெடன் நதியின் அடியில் எல்லையைக் கடந்து, ஆஷ் ஆற்றில் வெளிப்பட்டு, வால் அணையைச் சேர்ந்து ஜோகனஸ்பர்க்கின் குழாய்களுக்குப் போகிறது. அதற்குத் தென்னாப்பிரிக்கா லெசோத்தோவுக்கு உரிமத்தொகை செலுத்துகிறது.