ராகத்தின் பெயர் மட்டும் போதுமா? இசைச் சிகிச்சையை எழுதும் முறை: கேள்வி பதில்

வீணை மாணவி: என் ஆய்வேட்டில் "நோயாளிகளுக்கு 20 நிமிடம் ஆனந்தபைரவி ராகம் கேட்க வைக்கப்பட்டது" என்று எழுதினேன். போதாது என்கிறார் நெறியாளர். இன்னும் என்ன எழுதுவது?

நான் உங்கள் நெறியாளர் பக்கம். எந்த ஆனந்தபைரவி? வீணையா, குரலா? பாடல் வரி இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை மட்டுமா, கீர்த்தனையும் உண்டா? கீர்த்தனை என்றால் சாகித்தியமும், அதாவது பாடல் வரிகளும், கூடவே வருகிறது. நோயாளியின் மனத்தைத் தணித்தது அந்த வரிகள் பாடும் தெய்வத்தின் மீதுள்ள பக்தியாகவும் இருக்கலாம். அதைக் குறிப்பிடாவிட்டால் புகழ் முழுவதும் ராகத்துக்குப் போய்விடும். சுருதி எத்தனை கட்டை, காலப்பிரமாணம் (வேகம்) என்ன, மிருதங்கம் இருந்ததா, நேரில் வாசித்தீர்களா, ஒலிப்பதிவா, ஒலியளவு எவ்வளவு, தேர்ந்தெடுத்தது நீங்களா நோயாளியா? உங்களை அறியாத ஒருவர் அந்தப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு நாளை காலை அதையே செய்ய முடிய வேண்டும். "கைப்பக்குவம்" என்று சொல்லி நழுவுவது சமையலறையோடு நிற்கட்டும்.

ஆய்வு மாணவர்: இதற்கென்று வரையறுத்த பட்டியல் உண்டா?

உண்டு. ராப், கார்பென்டர், பர்ன்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2011இல் ஏழு தலைப்புகளை வெளியிட்டார்கள்: பின்னணிக் கோட்பாடு, உள்ளடக்கம், கால அட்டவணை, நடத்துபவரின் தகுதி, திட்டப்படி நடந்ததா என்ற கண்காணிப்பு, இடம், தனியாகவா குழுவாகவா என்பது. பெரும்பாலோர் தடுமாறுவது முதலாவதில். "இசை மனத்துக்கு இதம்" என்பது கோட்பாடு ஆகாது. இந்த இசை இந்த அறிகுறியை எந்த வழியில் மாற்றும் என்று சொல்ல வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட்: பார்க்கின்சன் நோயாளிகளைச் சினிமாப் பாட்டுக்கு நடக்க வைக்கிறேன். இதைத் தாள ஒலித் தூண்டல் என்று எழுதலாமா?

பாட்டு ஒலித்தது, அவரும் நடந்தார் என்பதற்காக அந்தப் பெயர் பொருந்தாது. இசைச் சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தாட் குழுவினர் வளர்த்த அந்த முறையில், முதலில் நோயாளியின் இயல்பான நடையை எண்ணுவார்கள். நிமிடத்துக்கு 80 அடி என்றால், சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 80இல் வைத்துத் தொடங்கி, நடை நிலைத்தபின் 5 சதவீதம் கூட்டி 84க்குப் போவார்கள். பிறகு தாளத்தை மெல்ல விலக்கி, அந்த நடை தானாகவே நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த எண்களையெல்லாம் குறித்து வைத்திருந்தால் தாராளமாக அந்தப் பெயரை இடுங்கள்.

செவிலியர்: அறுவைக்கு முன் ஹெட்போனில் பாட்டுப் போடுகிறோம். இதுவும் இசைச் சிகிச்சைதானா?

பயனுள்ள வேலை, ஆனால் அதை இசை மருத்துவம் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளரும் நோயாளியோடு அவர் வளர்க்கும் உறவும் இருந்தால்தான் இசைச் சிகிச்சை.

சிகிச்சையாளர்: குழந்தையின் போக்கைப் பார்த்து ஒவ்வொரு அமர்விலும் இசையை மாற்றுகிறேன். மாறிக்கொண்டே இருப்பதை எப்படி எழுதுவது?

மாறுவதை விட்டுவிட்டு, எதை வைத்து மாற்றுகிறீர்களோ அதை எழுதுங்கள். இசைச் சிகிச்சையாளர் ஜோஆன் லோவி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளைப் பற்றியது. தாலாட்டு பெற்றோர் விரும்பிய பாட்டு என்பதால் வீட்டுக்கு வீடு வேறு. ஆனால் நேரடி இசை, குழந்தையின் மூச்சோடும் இதயத் துடிப்போடும் இசைந்து போவது என்ற விதி எல்லோருக்கும் ஒன்று. உங்கள் குறிப்பேட்டில் "இன்று நன்றாக ஒத்துழைத்தான்" என்று எழுதும் இடத்தில், "மூச்சு வேகமானபோது தாளத்தை நிறுத்தி, தம்புரா மட்டும் 2 நிமிடம், பிறகு அவன் முணுமுணுத்த இரண்டு ஸ்வரங்களையே திருப்பிப் பாடினேன்" என்று எழுதிப் பாருங்கள்.