கற்பனை எஞ்சினுக்கும் ஃபயர்பாக்ஸ் வேண்டும்

அன்புள்ள ஐயா,

விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் சரக்கு எஞ்சின்களின் சாயலில், ஆனால் எதற்கும் நகலாக இல்லாமல், ஆறு சக்கர நீராவி எஞ்சின் மாதிரி ஒன்றை நானே வரைந்து பித்தளையில் செய்தேன். அடிக்கு 4 மி.மீ. அளவு. அச்சு இடைவெளி 32, 32 மி.மீ.; பாய்லர் 20 மி.மீ. குழாய். பார்ப்பவர்கள் பொம்மை என்கிறார்கள். போதாததற்கு, சுற்றுக்கு ஒருமுறை திக்குகிறது. எங்கே தவறு?

அன்புள்ள நண்பருக்கு,

அச்சுகளில். அந்த எஞ்சின்களில் பெரும்பாலும் சிலிண்டர்கள் ஃபிரேமுக்கு, அதாவது அச்சுகளைத் தாங்கும் சட்டத்துக்கு, உள்ளே. நடு அச்சுதான் கிராங்க் அச்சு, பிஸ்டன்கள் சுழற்றுவதற்காக முழங்கைபோல மடித்த அச்சு. கிராங்க் சுழல இடம் விட்டு, நடு அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஃபயர்பாக்ஸ், அதாவது நிலக்கரி எரியும் பெட்டி, இறங்கவேண்டும். அதனால் பின் இடைவெளி நீளும். மிட்லண்ட் ரயில்வேயில் 8 அடி, 8½ அடி வைத்தார்கள். 1883இல் வந்த ‘டீன் கூட்ஸ்’ சரக்கு எஞ்சினில் 7 அடி 3 அங்குலம், 8 அடி 3 அங்குலம். டீன் கூட்ஸின் இடைவெளி உங்கள் அளவில் 29, 33 மி.மீ. சம இடைவெளி வைத்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் உறுத்தும்.

20 மி.மீ. பாய்லர் என்றால் 5 அடி. அது அடுத்த தலைமுறை எஞ்சினின் உடம்பு. 17 போதும். 10 மி.மீ. அகல மோட்டார் ஃபயர்பாக்ஸுக்குள் அடங்கி, பின் அச்சை ஓட்டும். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்; அக்கால எஞ்சின் வடிவமைப்பாளர் ஸ்ட்ரௌட்லி ‘மேம்பட்ட பச்சை’ என்று பெயர் வைத்துப் பூசியதே காவி மஞ்சள்தான்.

இனி திக்கல். ஒரு பக்கச் சக்கரங்களைச் சேர்த்துச் சுழற்றும் இணைப்புத் தண்டுகளைக் கழற்றி ஓட்டுங்கள். அப்போதும் திக்கினால் கியரையோ வளைந்த அச்சையோ பாருங்கள். இல்லையென்றால் தண்டுகளை மாட்டி, மோட்டாரை விலக்கி, கையால் தள்ளுங்கள். ஒரு பக்கத் தண்டு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ வரும்போது இறுகினால், தண்டின் துளை இடைவெளியும் அச்சு இடைவெளியும் ஒன்றாக இல்லை. இரு பக்கக் கிராங்குகளும் (சக்கரத்தில் தண்டு மாட்டும் முளைகள்) 45 டிகிரி சரிவில் நிற்கும்போது இறுகினால், சக்கரக் கோணத்தில் பிழை. இடது வலது கிராங்குகளுக்கு நடுவே 90 டிகிரி என்பார்கள். 88 இருந்தாலும் ஓடும், மூன்று அச்சிலும் அதே 88 இருக்கவேண்டும்.

துளையை அரத்தால் பெரிதாக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. 0.1 மி.மீ.க்கு மேல் போனால் தண்டு கடகடக்கும். எப்படியும் புது ஃபிரேம் வெட்டப்போகிறீர்கள். தண்டுகளை முதலில் செய்யுங்கள். இரு தண்டுகளையும் சால்டரில் ஒட்டிச் சேர்த்து 1.5 மி.மீ. துளையிடுங்கள். ஃபிரேம் தகடுகளையும் அப்படியே ஒட்டி, தண்டின் துளை வழியாகவே அவற்றில் துளையுங்கள். அச்சுக்கு 3.2 மி.மீ. வேண்டும், 3 வரை டிரில், மிச்சத்தை ரீமரால் (துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) எடுங்கள். டிரில் பிட் இடம் நழுவும். சூடாக்கிப் பிரிப்பதற்கு முன், எது முன்பக்கம், எது வெளிமுகம் என்று நான்கு துண்டிலும் கீறிவிடுங்கள்.