பெர்கேவுக்கு 25 யூரோ: மலிவு விலைச் சுற்றுலாவில் ஏறும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: லண்டனில் வசிக்கும் நாங்கள் ஐந்து பேர், வரும் ஜூன் மாதம் துருக்கியின் அன்டால்யாவுக்கு அருகில் உள்ள பெலெக்கில் ஒரு வாரம் தங்கப்போகிறோம். வேதாகமத்தில் வாசித்த பெர்கே பட்டணத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அவருக்கு 71 வயது; முழங்கால் வலி உண்டு. பெர்கே, அஸ்பெண்டோஸ், சிடே என்னும் பழங்கால நகரங்களின் இடிபாடுகள், மானவ்காட் அருவி ஆகிய நான்கையும் வழிகாட்டியுடன் ஒரே நாளில் காட்டும் பயணத்தைக் கடைத்தெருவில் ஆளுக்கு 25 யூரோவுக்கும், ஹோட்டலில் உள்ள பிரதிநிதி 65 யூரோவுக்கும் விற்பதாகச் சென்ற ஆண்டு போய்வந்த தோழி சொல்கிறார். எதை எடுக்கலாம்? வரலாற்று ஆசிரியரான என் தம்பி, வழிகாட்டியே வேண்டாம், தானே விளக்குகிறேன் என்கிறான். அது சட்டவிரோதம் என்று தோழி பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: 25 யூரோ பயணத்தை எடுக்காதீர்கள். 65 யூரோ பயணத்தையும் நான் கீழே சொல்லும் கேள்விகளைக் கேட்காமல் எடுக்காதீர்கள். நான்கு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடும் எண்ணத்தை, அம்மாவின் முழங்காலை முன்னிட்டு மட்டுமல்லாமல் பெர்கேயை முன்னிட்டும், இப்போதே விட்டுவிடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். வெளிநாட்டவர்களுக்கான நுழைவுக் கட்டணத்தைத் துருக்கிப் பண்பாடு, சுற்றுலா அமைச்சகம் யூரோவில் நிர்ணயிக்கிறது. பெர்கே, அஸ்பெண்டோஸ் ஆகிய இரண்டு இடங்களின் கட்டணத்தைக் கூட்டினாலே ஏறக்குறைய அந்த 25 யூரோ ஆகிவிடும். அதற்கு மேல் பேருந்து, எரிபொருள், ஓட்டுநர், மதிய உணவு, அமைச்சகம் ஆண்டுதோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச நாள் ஊதியத்தைப் பெற உரிமையுள்ள வழிகாட்டி என்று இத்தனை செலவுகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் 25 யூரோவில் எவராலும் அடக்க முடியாது. நுழைவுக் கட்டணம் தனி என்ற வரி சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அப்படி இருந்தாலும் கணக்கு நேராகாது. மீதியை நிரப்புவது நகைக்கடையும் தோல் ஆடைக்கடையும் கம்பளக்கடையும் கொடுக்கும் கமிஷன்தான். நீங்கள் அங்கே பயணிகளாகப் போகவில்லை, கடைக்கு அழைத்துவரப்பட்ட வாடிக்கையாளர்களாகப் போகிறீர்கள். இடிபாடுகள் வழியில் வருகின்றன, அவ்வளவுதான்.

கடையில் நடப்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பேருந்து சாலையோரத்தில் தனியாக நிற்கும் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் நிற்கும். அக்கம்பக்கத்தில் வேறு கடையோ நிழலோ இருக்காது. உள்ளே போனதும் ஆப்பிள் தேநீர் தருவார்கள். தோல் ஆடைக்கடையென்றால் ஆடை அணிவகுப்பே நடக்கும். அது முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்துடனும் ஒரு விற்பனையாளர் ஒட்டிக்கொள்வார். ஓட்டுநர் வண்டியைப் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்; வெளியே வந்தாலும் வெயிலில்தான் நிற்க வேண்டும். எங்களுடன் வந்த ஒரு மூத்த பெண்மணி அந்தச் சோபாவில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அஸ்பெண்டோஸ் அரங்கில் எங்களுக்குக் கொடுத்தது 25 நிமிடம். அந்த முகவர் மீது புகார் எழுதினேன். கடைகளில் நிற்பது பயணத்திட்டத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன், ‘கைவினை மையம்’ என்று எழுதியிருந்தார்கள்.

துருக்கியில் சட்டம் இல்லாமல் இல்லை. பயண முகவர்களுக்கான 1618ஆம் எண் சட்டம் 1972ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. உரிமம் பெற்ற முகவர் மட்டுமே சுற்றுலாப் பயணங்களை ஏற்பாடு செய்து விற்கலாம். முகவர்கள் துர்சாப் எனப்படும் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். அவர்களின் பதிவெண்ணைச் சங்கத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வழிகாட்டிகளுக்கு 2012ஆம் ஆண்டின் 6326ஆம் எண் சட்டம் உண்டு. ஆனால் சோதனை நடப்பது பெரும்பாலும் இடிபாடுகளின் வாசலில், கழுத்தில் உரிம அட்டை தொங்கவிட்டு நேர்மையாக வேலை செய்யும் வழிகாட்டியிடம்தான். கடைத்தெருவில் மேசை போட்டு, பெயரில்லாத சீட்டில் கையால் எழுதிக் கொடுப்பவரை ஏன் அதே முனைப்போடு கேட்பதில்லை என்று எனக்கு இத்தனை ஆண்டுகளாகியும் விளங்கவில்லை. ஏமாற்றம் அந்த மேசையில்தான் தொடங்குகிறது.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் எங்கே விற்கிறார்கள் என்பதைப் பார்க்காமல், என்ன எழுதித் தருகிறார்கள் என்பதைப் பாருங்கள். ஹோட்டல் பிரதிநிதி விற்கும் 65 யூரோ பயணமும் சில நேரங்களில் அதே பேருந்தில்தான் போய்ச் சேர்கிறது. முகவரின் பெயரும் பதிவெண்ணும் சீட்டில் இருக்கின்றனவா, நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, பெர்கேயில் எத்தனை நிமிடம், அஸ்பெண்டோஸில் எத்தனை நிமிடம், கடைகளில் எத்தனை முறை வண்டி நிற்கும் என்று கேட்டு, பதிலைச் சீட்டின் பின்புறத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘ஷாப்பிங் உண்டா’ என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள். ‘கைவினை மையம், நகைக் கண்காட்சி, தோல் தொழிற்கூடம், கழிப்பறைக்காக நிற்கும் இடம் இவற்றில் எதற்காவது வண்டி நிற்குமா’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதித் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இனி பெர்கே. அம்மா வாசித்தது அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரமாக இருக்கும்: அப்போஸ்தலர் பவுலும் உடன் வந்தவர்களும் சைப்ரஸ் தீவின் பாப்போவிலிருந்து கப்பலேறி, இந்தக் கடற்கரைப் பகுதியின் அக்காலப் பெயரான பம்பிலியாவில் உள்ள பெர்கேவுக்கு வந்து சேர்கிறார்கள், மாற்கு என்னும் யோவான் அங்கேயே அவர்களைப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிடுகிறான். 14ஆம் அதிகாரத்தில் அவர்கள் பெர்கேவில் பிரசங்கித்துவிட்டு அத்தலியாவுக்குப் போகிறார்கள். அந்த அத்தலியாதான் நீங்கள் விமானத்தில் வந்து இறங்கப்போகும் அன்டால்யா. அங்கிருந்து பெர்கே கிழக்கே சுமார் 18 கிலோமீட்டர்தான்.

அங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். வரிசையாகத் தூண்கள் நிற்கும் பெரிய வீதியைக் காட்டி, பவுல் நடந்த வீதி இதுதான் என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள். நீங்கள் இன்று பார்க்கும் தூண் வீதியும் அலங்கார நீரூற்றும் பெரும்பாலும் பவுலுக்குப் பிந்திய, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேலைகள். தெற்கு வாயிலில் பாதி இடிந்து நிற்கும் இரண்டு வட்டக் கோபுரங்கள் அவற்றைவிட மிகப் பழையவை. கிறிஸ்துவுக்கு முன்பே எழும்பியவை. பவுல் வந்தபோது அவை அங்கே நின்றிருந்தன. அம்மாவை அந்தக் கோபுரங்களின் அடியில்தான் நிறுத்த வேண்டும். அதே வாயிலுக்குப் பின்னால் உள்ள குதிரைலாட வடிவ முற்றத்தைச் சிலைகளால் நிரப்பியவர் பிளாங்கியா மாக்னா என்ற செல்வப் பெண்மணி. ஊரின் உயர் பதவியையும் வகித்தவர். நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் என்று நாம் கணக்குப் பாடத்தில் படித்த வளைவுகளை ஆராய்ந்த அப்பல்லோனியஸும் இந்த ஊர்க்காரர்தான். உங்கள் தம்பிக்கு இது பயன்படும்.

தூண் வீதியின் நடுவே ஓடும் கால்வாயை ஒட்டி மெதுவாக நடங்கள். வடக்குக் கோடியில் நீரூற்றுச் சுவரில் ஆற்றுத் தெய்வமான கெஸ்ட்ரோஸின் சிலை சாய்ந்து படுத்திருக்கிறது; அதன் அடியிலிருந்து வழிந்த தண்ணீர்தான் இந்தக் கால்வாயில் வீதி நெடுகிலும் ஓடியிருக்கிறது. வண்டிச் சக்கரங்கள் உரசிப் பள்ளமாக்கிய தடங்கள் கற்களில் இன்னும் தெரிகின்றன. அம்மாவின் கால் இடறுவதற்கு வாய்ப்புள்ள இடமும் அதுவே. வழவழவென்று தேய்ந்த கல், நிழல் அரிது, ஜூன் மாதத்தில் பத்து மணிக்கே சுடும். ஆகையால் வாயில் திறந்தவுடன் பெர்கேவுக்குள் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். ரப்பர் அடியுள்ள காலணி, ஒரு கைத்தடி, குடை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் இவை இல்லாமல் இறங்க வேண்டாம்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். உரிமம் இல்லாமல் வழிகாட்டியாகத் தொழில் செய்வதைத்தான் சட்டம் தடுக்கிறது. ஒருவர் தன் தாய்க்கும் அக்காவுக்கும் தனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொல்வது தொழில் அல்ல. அதற்கு அட்டையும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம், இந்த ஒரு பயத்தைக் காட்டியே பல முகவர்கள் குடும்பங்களைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். லண்டனிலிருந்து வேறு நான்கு குடும்பங்கள் சேர்ந்து, இருபது பேராகி, செலவைப் பகிரும்போது தம்பிக்கும் ஒரு தொகை கொடுத்தால், அது தொழிலாகிவிடும். தமிழ்க் குழுக்களை அழைத்துவரும் பயண மேலாளர்கள் பலர் இதை உணர்வதில்லை. தமிழில் நாமே விளக்கிவிடலாம் என்று கையில் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறார்கள், வாசலில் பிடிபடுகிறார்கள். குழுவை அழைத்து வருபவர் வேறு, அங்கே விளக்கம் சொல்ல உரிமம் பெற்றவர் வேறு. உங்கள் ஐந்து பேருக்குள் தம்பி பேசலாம். யாராவது கேட்டால் குடும்பம் என்று சொன்னால் போதும். பக்கத்தில் நிற்கும் மற்றப் பயணிகளும் கூடிக் கேட்கத் தொடங்கினால் மட்டும் அவர் நிறுத்திக்கொள்ளட்டும்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் பச்சை படிந்த பழங்காசுகளைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு ஒருவர் ரகசியமாக நெருங்கக்கூடும். திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். அது போலியானால் பணம் போயிற்று. உண்மையானால் தொல்பொருள் பாதுகாப்புக்கான 1983ஆம் ஆண்டின் 2863ஆம் எண் சட்டத்தின்படி விமான நிலையத்தில் கைதாக நேரிடும், சிறைத்தண்டனையும் உண்டு. பெர்கேயின் நினைவாக அம்மா தரையிலிருந்து ஒரு சிறு கல்லை எடுத்துப் பைக்குள் போட்டாலும் அதே தொல்லைதான். முதல் நாளே அவரிடம் சொல்லிவையுங்கள்.

அஸ்பெண்டோஸ் பெலெக்கிலிருந்து பக்கம். மார்க்கஸ் ஔரேலியஸ் பேரரசனின் காலத்தில், 161க்கும் 180க்கும் இடையில், ஸெனோன் என்ற கட்டடக்கலைஞர் கட்டிய அரங்கு, மேடைச் சுவரோடு இன்றும் முழுதாக நிற்கிறது. பின்னர் வந்த செல்ஜுக் என்னும் துருக்கிய அரச மரபினர் அதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தியதும் அது தப்பிப் பிழைத்ததற்கு ஒரு காரணம். அவர்கள் பூசிய சிவப்பு நெளிகோட்டுச் சாந்தைச் சுவரில் தேடினால் காணலாம். மேலே ஏறும் படிகள் செங்குத்தானவை. அம்மா ஏற வேண்டாம். கீழே தரைமட்டத்தில் நின்றாலே அரங்கு முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். நீங்கள் மேல் வரிசைக்குப் போய் உட்கார்ந்தால், அவர் கீழிருந்து பேசுவது உங்களுக்குக் கேட்கும். பேருந்துப் பயணங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்றும் அங்கே உண்டு. அரங்கிலிருந்து சிறிது வடக்கே போனால் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த நீர்ப்பாலத்தின் உயர்ந்த கோபுரங்கள் வயல்களுக்கு நடுவே நிற்கும். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடும் என்ற எளிய உண்மையை வைத்து, பள்ளத்தில் இறக்கிய நீரை அழுத்தத்தால் மறுபடி மேலேற்றியிருக்கிறார்கள். காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம்.

எனவே என் யோசனை இது. ஒரு காலைப்பொழுதுக்கு உரிமம் பெற்ற முகவரிடம் ஓட்டுநருடன் ஒரு வண்டி பேசிக்கொண்டு, பெர்கேயையும் அஸ்பெண்டோஸையும் மட்டும் பாருங்கள். ஐந்து பேராகப் பிரித்தால் செலவு உங்களைப் பயமுறுத்தாது. தம்பியின் விளக்கம் போதும் என்றால் வழிகாட்டி வேண்டாம். வேண்டுமானால் அவருடைய அட்டையில் ஆங்கிலம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதியத்துக்குள் ஹோட்டலுக்குத் திரும்பி அம்மா காலை நீட்டிப் படுக்கட்டும். மானவ்காட் அருவியை விட்டுவிடுங்கள். அகலமாக விழுகிறதே தவிர உயரமில்லை, குற்றாலம் பார்த்த கண்ணுக்கு அது ஒரு மதகு. சிடேவை வேறொரு நாள் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் வாழும் ஊருக்குள்ளேயே இடிபாடுகள் இருப்பதால் அங்கே வழிகாட்டி தேவையில்லை. துறைமுக முனையில் அப்பல்லோ கோயிலின் தூண்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்க டாக்ஸியில் போய்வந்தால் போதும். நடை சற்று நீளம் என்பதால், எவ்வளவு அருகில் இறக்கிவிட முடியும் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வண்டிக்கு முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். பாதியைச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். மீதியை, பயணம் முடிந்து ஹோட்டல் வாசலில் அம்மா இறங்கிய பிறகு கொடுங்கள்.